பாக்கி நாலு டைல்ஸ்

"பொங்கலுக்குப் பையன் குடும்பத்தோட வர்றான் மேஸ்திரி! போகிக்குள்ள பாத்ரூம் முடியணும்." கோதண்டராமன் கத்திவிட்டு வாலாஜாபேட்டைக்குக் கரும்பு வாங்கக் கிளம்பினார்.

வேதாசலம் மேஸ்திரி, கோதண்டராமனின் மனைவி அமிர்தவள்ளியிடம் திரும்பினார்.

"மூணு நாளா நீங்க வரவேணாம்னு சொன்னதாலதான் நான் வரல. இன்னிக்கு வந்தா திட்டு மட்டும் எனக்கு. இன்னா பேஜார்மா இது? நாலே டைல்ஸ்தான் பாக்கி."

அமிர்தவள்ளி டீயை நீட்டினாள். அவள் குரலில் ஏற்ற இறக்கமே இல்லை.

"இனிமே இந்த வீட்டுக்கு வரவே மாட்டேன்னு பையன் ஆடி மாசமே எங்கிட்ட சொல்லிட்டான். இவருக்குத் தெரியாது. பாத்ரூம் முடியாததாலதான் அவன் வரலைன்னு இவரு நெனச்சிக்கட்டும்."

வேதாசலம் டீயைக் குடித்து முடித்தார். காலையில் ஒட்டி, இன்னும் ஈரம் காயாத இரண்டு டைல்ஸைக் கரண்டியால் நெம்பி எடுத்தார்.