இடப்பக்கத்துத் தக்கை

பழைய ஃபைபர் பாய்மரப் படகு அது. மேல்தளத்தில் தேய்ந்துபோன தேக்குப் பட்டைகளைப் பெயர்த்துவிட்டு, அந்த இடத்தில் தக்கைத் தகடு ஒட்ட வேண்டும். அதற்கு முன் காகிதம் விரித்து அளவெடுத்தபோதே தச்சன் ரெமிஜியுஸின் விரலுக்குத் தெரிந்துவிட்டது. சுக்கான் பிடிக்கு வலப்பக்கம் இரண்டு பாதக்குழிகள், மழை பெய்தால் தண்ணீர் தேங்கும் ஆழத்துக்கு. இடப்பக்கத்துப் பட்டைகள் வெயிலில் வெளுத்திருந்தனவே தவிர, இழைப்புளி ஓடிய கோடுகூட அழியவில்லை.

படகுக்காரர் தேவசகாயம் வரும்போதெல்லாம் அந்த இடப்பக்கத்தைக் காட்டித்தான் பேசுவார்.

"இருபது வருசமா எங்க வீட்டுக்காரி இங்கனதான் நிப்பா. எனக்கு மேல அவளுக்குத்தான் கடல்னா கிறுக்கு."

"சரிங்கய்யா" என்பதோடு ரெமிஜியுஸ் நிறுத்திக்கொள்வான். பெயர்த்த பட்டைகளில் இடப்பக்கத்தவற்றை மட்டும் அவர் கண்ணில் படாதபடி கவிழ்த்து அடுக்கினான்.

தக்கை ஒட்டி, பாரத்துக்கு வைத்திருந்த மணல் மூட்டைகளை இறக்கிய அன்று காலையில் தேவசகாயம் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினார். தளம் முழுக்க ஒரே சீராக, யாருமே மிதிக்காததாக இருந்தது.

"இங்கன மட்டும் லேசா தேச்சு விடுதியா? ரெண்டு கால் அளவுக்கு" என்று இடப்பக்கத்தைக் காட்டினார்.

ரெமிஜியுஸ் உப்புத்தாளோடு மண்டியிட்டான்.

"அம்மாவுக்குக் கால் எவ்வளவு நீளம்யா?"

தேவசகாயம் இரண்டு உள்ளங்கைகளையும் எதிரெதிரே பிடித்துக் காட்டினார். கொஞ்சம் குறுக்கினார். பிறகு அகட்டினார். மறுபடியும் குறுக்கினார். ரெமிஜியுஸ் அந்தக் கைகளையே பார்த்துக் காத்திருந்தான்.