முப்பத்தொன்றாம் கேபிள்

அலுவலகக் கணினிகளையெல்லாம் இணைக்கும் பழைய ஸ்விட்சிலிருந்து புதியதற்கு நாற்பத்தேழு கேபிள்களை மாற்றிவிட்டு, தம்பி சாப்பிடக் கிளம்பினான். முப்பத்தொன்றாவது மட்டும் மிச்சம்.

“அதை ஏன்டா விட்டுட்ட?” என்றாள் அக்கா.

“அது என் மேசைக்குப் போறது, அக்கா. மதியம் வந்து நானே மாத்தி, பழசை வழியனுப்பி வைக்கிறேன். நீ கை வெச்ச, அவ்வளவுதான்!”

தெருமுனையில் லாரி மோதி, அவன் உயிர் அங்கேயே போய்விட்டது.

மூன்று வாரம் கழித்து அவள் வேலைக்கு வந்தாள். பழைய ஸ்விட்ச் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. தம்பியின் கணினியை எடுத்துவிட்டிருந்தார்கள். மேசையடியில் கேபிளின் முனை வெறுமனே தொங்கியது. மறுமுனையில் கணினி இல்லாததால், ஸ்விட்சில் முப்பத்தொன்றின் விளக்கு எரியவில்லை.

“பழசை இன்னைக்காவது கழட்டிடலாமாம்மா?” என்றார் மேலாளர், தயங்கித் தயங்கி.

அவள் கேபிளைப் பிடித்தாள். பிடுங்க மனம் வரவில்லை. அவன் செய்வதாகச் சொன்னதில் பாக்கி அது ஒன்றுதான்.

“மதியம் வரைக்கும் விடுங்க சார்” என்று சொல்லிப் ஸ்விட்சுகள் இருந்த இரும்புப் பெட்டியைப் பூட்டி, அதன் ஒரே சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

மதியம் திறந்தபோது பழைய ஸ்விட்ச் அணைந்திருந்தது. முப்பத்தொன்றாம் கேபிள் புதியதில் செருகியிருந்தது. அதன் பச்சை விளக்கு விடாமல் மினுக்கிக்கொண்டிருந்தது.

அவள் தம்பியின் மேசைக்கு ஓடிக் குனிந்து பார்த்தாள். கேபிளின் மறுமுனை எதிலும் சேராமல், காலையில் தொங்கியபடியே தொங்கிக்கொண்டிருந்தது.