பாட்டுக்கு ஒரு சாட்சி

“பாட்ட நான்தான் எழுதினன் என்டதுக்கு அத்தாட்சி கேக்கிறாங்க” என்று கைபேசியைக் கணவன் ஷிப்லியிடம் நீட்டினாள் றினோஸா.

மெட்டுப் போடுவதற்கென்றே எழுதும் ஆங்கிலப் பாடல்களுக்கான போட்டி அது. நாடு முழுவதிலுமிருந்து மூன்று பாட்டுகளைத் தேர்ந்திருந்தார்கள். அதில் ஒன்று மருதமுனையில் அபாயா தைக்கும் றினோஸாவுடையது. வென்றால் ஆறு மாதம் இங்கிலாந்தில் இசைக்காரர்களோடு உட்கார்ந்து எழுதலாம். பள்ளிக்கூடம் விட்ட நாளிலிருந்து அவள் ஆசைப்பட்டது வேறொன்றுமில்லை.

இப்போது நடுவர்களுக்குச் சந்தேகம். தையல்காரிக்கு இவ்வளவு நல்ல ஆங்கிலமா? கம்ப்யூட்டர் எழுதிக் கொடுத்திருக்குமாம். பாடிப் பாடித் திருத்திய ஒலிப்பதிவு இருந்தால் அனுப்பச் சொன்னார்கள்.

அது எங்கே இருக்கிறது? அந்நிய ஆண்கள் காதில் விழக்கூடாதென்று அவள் தன் குரலைப் பதிந்ததே இல்லை. ஒவ்வொரு வரியும் நாக்கில் தடக்காமல் ஓடுகிறதா என்று குசினிக்குள் சமைத்தபடி பாடிப் பார்ப்பாள். கேட்டவன், பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படிப்பிக்கும் ஷிப்லி ஒருவன்தான்.

“அப்ப நான்தானே சாட்சி” என்றான் அவன். “இங்கிலீஷ் மாஸ்டர்ர கடிதத்த நம்பாம விடுவாங்களா? நீ கவலப்படாத புள்ள.”

அன்றைக்கே எழுதி அனுப்பினான். பாஸ்போர்ட்டுக்குப் படம் எடுக்கக் கல்முனைக்கும் கூட்டிப்போனான். இப்படி ஒரு மருமகன் கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று உம்மா தெருவெல்லாம் சொல்லித் திரிந்தாள்.

பத்தாம் நாள், பாட்டை நீக்கிவிட்டதாகச் செய்தி வந்தது. றினோஸா சோறு தண்ணி இல்லாமல் அழுதாள். ஷிப்லிக்கு அவளைவிடக் கோபம். கொழும்புக்காரர்களுக்கு நம்மைக் கண்டால் எப்போதும் இளக்காரம்தான் என்று திட்டித் தீர்த்தான். இனி இந்தப் பாட்டு வேலையே வேண்டாம் என்று தலையைத் தடவிக் கொடுத்துவிட்டு அஸர் தொழுகைக்குப் போனான்.

அவளுக்கு மனம் ஆறவில்லை. போட்டி அலுவலகத்துக்கே அழைத்தாள்.

“எங்கட அவர்ர கடிதம் உங்களுக்குக் கிடைக்கல்லயா மிஸ்?”

“கிடைச்சது. அத வச்சுத்தான் முடிவெடுத்தோம்” என்ற எதிர்முனைப் பெண், கொஞ்சம் தயங்கி அதை வாசித்தும் காட்டினாள்:

“‘என் மனைவிக்கு அவ்வளவு ஆங்கிலம் வராது. அவர் பாடி நான் ஒருநாளும் கேட்டதுமில்லை.’”