உதைக்கிற கால்

மேஸ்திரி பூட்ஸ் காலால் விட்ட உதையில் அவர் மனைவி அலமாரியில் மோதி விழுந்தாள். தரையில் ரத்தம்.

"பூட்ஸ் கயிறு கட்ட எவ்வளவு நேரம்டி? பட்டறைல ஆளுங்க காத்துக்கிட்டிருக்காங்க. விரல்ல என்ன கேடு உனக்கு?"

"கத்தி பட்டுடுச்சுங்க." ஆட்காட்டி விரலில் ஒட்டியிருந்த பிளாஸ்திரியை அவள் முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.

மரப்பெட்டி அடிக்கும் பட்டறையில் முப்பது பேரை அதட்டி வேலை வாங்குகிறவர் மேஸ்திரி. பன்னிரண்டு வருடமாகச் சர்க்கரை, அதற்கும் மூத்தது தொந்தி. குனிந்து தன் பாதத்தைத் தானே பார்க்க முடியாது என்பதால் பூட்ஸ் மாட்டுவது, கழற்றுவது, சாக்ஸ் துவைப்பது எல்லாம் அவள் வேலை.

ராத்திரியில் கால் எரிகிறது என்று கத்துவார். பிடித்துவிட்டால், பிடித்தவளுக்கு அதே காலால் உதை. ஒரு வாரமாக வீடு நாறுகிறதாம், அதற்கும் உதை.

அவள் தலையைத் தடவிப் பார்த்தாள், உதட்டைத் தொட்டுப் பார்த்தாள். எங்கேயும் காயமில்லை. அவருடைய வலது பூட்ஸின் அடியிலிருந்துதான் ரத்தம் கசிந்துகொண்டிருந்தது.

"உங்க கால்லேர்ந்துதாங்க ரத்தம் வருது."

"எனக்கு வலிக்கவே இல்லையே!" முதல் தடவையாக அவர் குரல் இறங்கியது.

ஆஸ்பத்திரியில் பூட்ஸைக் கத்தரியால் வெட்டித்தான் எடுத்தார்கள். அறையெங்கும் அதே நாற்றம். உள்ளங்காலில் எலுமிச்சை அளவுக்குக் குழி, சுற்றிலும் கறுத்த சதை. டாக்டர் பிளேடால் சுரண்டச் சுரண்ட, யாருக்கோ நடப்பதுபோல் மேஸ்திரி படுத்திருந்தார்.

"ராத்திரி உயிர் போற மாதிரி எரியுதே டாக்டர். இப்ப எப்படித் தெரியாம இருக்கு?"

"கெட்டுப்போன நரம்பு சும்மாவே கத்தும். நிஜமா குத்தினா வாயைத் திறக்காது. எரிச்சலுக்கு மாத்திரை கொடுத்தேன். மரத்துப்போன காலுக்கு மாத்திரை கிடையாது, கண்ணும் கையும்தான் காவல்னு போன மாசமே சொன்னேனே!"

பூட்ஸின் அடியைத் துளைத்து உள்ளே நீட்டிக்கொண்டிருந்த ஆணியை டாக்டர் இடுக்கியால் பிடுங்கிக் காட்டினார். பட்டறை ஆணி. மிதித்து மிதித்துத் தலை தேய்ந்திருந்தது.

"எட்டு நாளாவது இது மேலயே நடந்திருக்கீங்க."

"எல்லாம் இந்தச் சனியனாலதான்!" மேஸ்திரி எட்டி மனைவியின் கூந்தலைக் கொத்தாகப் பிடித்து இழுத்தார். அவள் நெற்றி கட்டில் கம்பியில் மோதியது. இரண்டு நர்ஸுகள் சேர்ந்துதான் அந்தக் கையைப் பிரிக்க முடிந்தது.

டாக்டர் அவளை வெளியே அழைத்துப் போய் நாற்காலியில் உட்கார வைத்தார்.

"விஷம் எலும்பு வரைக்கும் போயிடுச்சும்மா. முழங்காலுக்குக் கீழ எடுத்தாத்தான் உயிர் தங்கும்."

"எடுத்தே ஆகணுமா டாக்டர்?"

"வேற வழியில்லை." அந்த அப்பாவி முகத்தைப் பார்க்க அவருக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் கோபம் அடங்கவில்லை. "தினமும் காலைல பூட்ஸுக்குள்ள கை விட்டு, விரலால தடவிப் பார்த்துட்டு மாட்டி விடுங்கன்னு உங்ககிட்டதானே சொன்னேன்? இந்த எட்டு நாள்ல ஒரு நாளாவது பார்த்தீங்களா?"

அவள் பிளாஸ்திரி ஒட்டிய விரலை மெல்ல நீவிக்கொண்டாள்.

"ஒரு நாள்கூட விடாம பார்த்தேன் டாக்டர்."