பெயர் மாறிய சான்றிதழ்

"ரிட்டயரான மனுஷர் வந்தாத்தான் ஒரு சர்ட்டிஃபிகேட்டைப் படிக்க முடியுமா? நமக்கு வெட்கமா இல்ல?"

சுள்ளென்று கேட்டாள் இளமதி. டீம் லீடராகி முதல் மாதம். துவாஸ் தொழிற்பேட்டைத் தொழிலாளர்கள் டாக்டரைப் பார்க்கப் பதிவு செய்கிற ஆப் அது. அது நம்பகமானதென்று காட்டுகிற டிஜிட்டல் சான்றிதழை வருஷா வருஷம் மாற்ற வேண்டும். சாயங்காலத்துக்குள் புதுசு ஏறாவிட்டால், நாளைக்கு ஒருத்தரும் பதிவு செய்ய முடியாது.

"ரத்னவேல் அண்ணன் வரட்டும் லா," என்றாள் ஹஸீனா. கம்பெனி தொடங்கிய நாளிலிருந்து இருப்பவள். "வருஷா வருஷம் அவர்தான் சரி பண்ணுவார். சிராங்கூன் ரோட்டுக் கடை மாடியில நாங்க ஆரம்பிச்சப்போ..."

தொடங்கியாச்சு பழங்கதை! ஒரே ஃபேன், பிளாஸ்டிக் பையில் தே தாரிக் டீ. எத்தனை தடவைதான் கேட்பது?

இளமதி தானே கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்துவிட்டாள். புரோகிராம் 'சான்றிதழ் இல்லை' என்றே அடம்பிடித்தது. சான்றிதழ்களைப் பூட்டி வைக்கிற கீஸ்டோர் ஃபைலைத் திறந்து பார்த்தால், உள்ளே குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருக்கிறது! புரோகிராம் கேட்கிற பெயர் ஒன்று, ஃபைலில் அதற்கு வைத்த பெயர் வேறு. அட, இவ்வளவுதானா!

பெயரைத் திருத்தினாள். புரோகிராம் உடனே படித்தது.

"எந்தப் புண்ணியவான் இப்படிப் பேர் வச்சது?"

ஹஸீனா பதறிப்போய்க் கிட்டே வந்தாள். "நான்தான். வேணும்னேதான்."

"அக்கா!"

"கத்தாதே. அண்ணி இறந்துபோனதுலேர்ந்து அண்ணன் புக்கிட் மேரா வீட்ல தனியாக் கிடக்கிறார். சும்மா வாங்கன்னா வரமாட்டார். வேலைன்னா ஓடி வருவார். கண்டுபிடிச்சதும் அவர் முகத்தை நீ பார்க்கணுமே!"

இளமதி திரும்பிப் போய், திருத்தியதை மறுபடி தப்பாக்கி வைத்தாள்.

ரத்னவேல் கறிபஃப் பொட்டலத்தோடு வந்தார். கண்ணாடியைத் துடைத்தார், ரொம்ப நேரம் தேடினார். "ஆ! பேருல்ல மாறிக்கிடக்கு!" என்று கூவினார். ஹஸீனா கைதட்டினாள். அப்புறம் கடை மாடிக் கதைதான். இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் ஆபீஸே திரும்பிப் பார்த்தது.

லிஃப்ட் வரை வழியனுப்பப் போனாள் இளமதி. "நீங்க இல்லேன்னா திண்டாடிப் போயிருப்போம், அங்கிள்."

"நீயும் ஆரம்பிச்சிட்டியா?" அவர் குரலைத் தாழ்த்தினார். "பேரை மாத்தி வைக்கிறது ஹஸீனாதான்மா. எனக்கு முதல் வருஷமே தெரியும். அவகிட்ட சொல்லிடாதே. பழைய ஆளுங்கள்ல இங்க மிச்சம் அவ ஒருத்திதான். அந்தக் காலத்தைப் பத்திப் பேச, பாவம், அவளுக்கும் ஒரு ஆள் வேணாமா?"