அல்லி இலையில் உஜாங்

ஜாவா மலையடிவாரத்தில், டச்சுத் துரையின் தோட்டக்குளத்தில், தாம்பாளம்போல் விளிம்பு நிமிர்ந்த ராட்சத அல்லி இலை மிதக்கிறது. அதன்மேல் தோட்டக்காரி ஒனியின் கைக்குழந்தை உஜாங் உட்கார்ந்து வீறிடுகிறான். இலை எவ்வளவு பாரம் தாங்கும் என்பதைப் படமாகப் பார்க்காமல் ஐரோப்பாவுக்குத் தூக்கம் வரவில்லையாம். அறிவியலுக்காகத் துரை பெருமனதோடு தியாகம் செய்திருப்பது ஒனியின் பிள்ளையை. கரையில் குடைநிழலில், துரையின் பேத்தி தாயின் மடியில் பிஸ்கட் கடிக்கிறாள். மாலை வெயில் வெள்ளைப் பூவில் வழுக்கி, ஓவியர் கார்த்தாவின் ஈரத் தூரிகையில் மினுங்குகிறது. "முகத்துக்கு என் பேத்தியைப் பாத்து வரை. நிறமும் வெளுப்பா இருக்கட்டும்," என்கிறார் துரை. கார்த்தா தலையாட்டுகிறார். அவர் பக்கத்தில் நிற்கும் ஒனி பல்லை நறநறவெனக் கடிக்கிறாள்.

"ஏன் மாமா, அழறதுக்கு மட்டும் என் பிள்ளையா?"

"மெதுவா பேசு தாயி, துரை காதுல விழும்."

"விழட்டும்."

ஒனி கட்டிய துணியோடு குளத்தில் இறங்குகிறாள். இலையடி முள் முழங்கையைக் கிழிக்க, பிள்ளையை வாரி எடுத்துத் தோளில் போடுகிறாள்.

"ஏய்! படம் இன்னும் முடியல!"

"இலை அங்கதான் இருக்கு துரை. முகத்துக்குச் சொந்தக்காரியையே உக்கார வைங்க."

குடைக்கடியில் அந்த அம்மாளின் கை, மகளைச் சட்டென்று மார்போடு இறுக்கிக்கொள்கிறது.