கண் டாக்டரிடம் போகும் பஸ்

“கண் டாக்டர்கிட்ட போறேங்கக்கா.”

வாய்க்கு வந்த இந்தப் பொய்யைச் சொல்லிவிட்டு சசிகலா நிம்மதியாக இருந்தது மூன்றே விநாடிதான்.

“அட, எனக்கும் ரெண்டு மாசமா கண்ணு மங்கலாத்தான் இருக்குது. இரு சசி, சீலை மாத்திக்கிட்டு வந்துடறேன்” என்று எதிர்வீட்டுச் சென்னம்மாள் உள்ளே ஓடினாள்.

பாப்பிரெட்டிப்பட்டியில் அந்தத் தெருவுக்குச் செய்தித்தாள் போட வேண்டியதில்லை. சென்னம்மாள் இருக்கிறாள். காலையில் அவள் காதில் விழுந்தது மத்தியானத்துக்குள் கடைசி வீடு வரை போய்விடும்.

சசிகலா அங்கன்வாடி டீச்சர். தருமபுரியில் அவள் பார்க்கப்போவது மனநல டாக்டரை. ‘டீச்சருக்கு மூளை சரியில்லையாம்’ என்று ஒரு பேச்சு கிளம்பினால் போதும், மறுநாள் அங்கன்வாடியில் சுண்டல் இருக்கும், பிள்ளைகள் இருக்க மாட்டார்கள்.

ஆறு மாதத்துக்கு முன் அவள் வந்த பஸ் ஒரு லாரியோடு மோதிக் கவிழ்ந்தது. உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் அன்றிலிருந்து பிரேக் சத்தம் கேட்டால் கைகால் உதறும். ஓசூரில் வேலை பார்க்கும் கணவன் மாதவராஜ்தான் அங்கே இங்கே விசாரித்து, இந்தத் தனியார் ஆஸ்பத்திரியைப் பிடித்தான். முதல் தடவை அவனே பைக்கில் கூட்டிப்போனான். இனி ஞாயிற்றுக்கிழமைதோறும் அவளாகத்தான் போக வேண்டும்.

அதாவது, பஸ் பயம் போவதற்கு பஸ்ஸில் போக வேண்டும். இந்த அநியாயத்தை யாரிடம் போய்ச் சொல்வது?

“படி எங்க இருக்குதுன்னே தெரியல. என் கையைக் கெட்டியாப் புடிச்சுக்க” என்றாள் சென்னம்மாள், பஸ் ஏறும்போதே.

பிடித்த கையைத் தருமபுரி வரை விடவில்லை. வழிநெடுக மருமகள் புராணம் வேறு. வளைவில் டிரைவர் பிரேக் அடித்தபோது சசிகலாவுக்கு உயிர் போய் வந்தது. சென்னம்மாளுக்கோ மருமகள் வைத்த புளிக்குழம்பில் உப்பில்லாததுதான் பெரிய விபத்து.

ஆஸ்பத்திரி வாசலில் ‘மனநல சிகிச்சை’ என்று ஆளுயரத்துக்குப் பலகை. நல்லவேளை, இவளுக்குக் கண் தெரியாது! சசிகலா அவளை வராந்தாவில் உட்கார வைத்துவிட்டு உள்ளே போனாள்.

போன வாரம் வெறும் பேச்சும் மூச்சுப் பயிற்சியும்தான். இன்று டாக்டர் உமைரா இரண்டு விரலை நீட்டிக் காட்டினார்.

“மந்திரிக்கப் போறேன்னு நெனச்சுடாதீங்க” என்று சிரித்தார். “பயங்கரமா ஒண்ணு நடந்துட்டா, சில பேருக்கு மூளை அதை முடிஞ்சுபோன விஷயமா எடுத்து வைக்காது. இப்பத்தான் நடக்குதுங்கற மாதிரியே வெச்சிருக்கும். அந்த பஸ்ஸை நெனச்சுக்கிட்டே என் விரலைக் கண்ணால தொடருங்க. நடுநடுவுல நிறுத்திக் கேப்பேன். எதையும் மறக்க வைக்க மாட்டேன். நினைப்பு இருக்கும், கடிக்காது. போதும்னா கையைத் தூக்குங்க, நிறுத்திடலாம்.”

விரல் இடமாகப் போனது, வலமாக வந்தது. இதுக்கா இவ்வளவு தூரம் வந்தோம் என்று சசிகலாவுக்குச் சிரிப்புகூட வந்தது. கொஞ்ச நேரத்தில் தேம்பித் தேம்பி அழுதாள். வெளியே வரும்போது களைப்பாக இருந்தது, நெஞ்சில் கனம் கொஞ்சம் குறைந்தும் இருந்தது.

“அக்கா, உங்களுக்குப் பார்க்கற மெஷின் ரிப்பேருங்களாம்.”

“அதனால என்ன, அடுத்த வாரம் பார்த்துக்கலாம்” என்றாள் சென்னம்மாள்.

அடுத்த வாரம் கரண்ட் இல்லை. அதற்கடுத்த வாரம் டாக்டருக்கே கண்வலி. நாலாவது வாரம் டோக்கன் தீர்ந்துவிட்டது. சிகிச்சையில் சசிகலாவின் பயம் குறைந்ததோ இல்லையோ, பொய் நன்றாகத் தேறிவிட்டது. சென்னம்மாள் ஒரு தடவைகூட முகம் சுளிக்கவில்லை.

ஏழாவது வாரம் அதே வளைவில் டிரைவர் பிரேக் அடித்தார். சசிகலாவுக்குக் கை உதறவில்லை. ஜன்னல் வழியே சோளக்காட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்!

சந்தோஷத்தோடு திரும்பினால், பக்கத்தில் அவள் கையைப் பிடித்தபடி சென்னம்மாள். சசிகலாவுக்கு வெட்கமாகப் போய்விட்டது. தன் மானத்தைக் காப்பாற்றிக்கொள்ள, கண் தெரியாத ஒரு பொம்பளையை இத்தனை வாரமாக ஏமாற்றியிருக்கிறோமே! நாளைக்கு இவளுக்குப் பார்வையே போய்விட்டால்?

அன்று உமைராவைப் பார்த்த கையோடு, நிஜமான கண் டாக்டரிடம் அவளை இழுத்துக்கொண்டு போனாள். “இன்னிக்கு வேணாம் சசி, பஸ்ஸு போயிடும்” என்று சென்னம்மாள் கெஞ்சியும் விடவில்லை.

கண் டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்தார். எதிரே இருந்த எழுத்துகளைப் படிக்கச் சொன்னார். பிறகு சசிகலாவை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

“ரெண்டு கண்ணுலயும் ஏற்கெனவே லென்ஸ் வெச்சிருக்குதேம்மா. கடைசி வரி வரைக்கும் படிக்கறாங்க. எங்க ஆபரேசன் பண்ணினீங்க?”

“பெங்களூர்லங்க. போன வருசம் மக வூட்டுல இருந்தப்ப” என்றாள் சென்னம்மாள், சுவரைப் பார்த்துக்கொண்டு.

வெளியே வந்ததும் சசிகலா அவளை நிறுத்தினாள்.

“அப்போ... அந்த ஆஸ்பத்திரி போர்டு?”

“மொத நாளே படிச்சுட்டேன். ‘சசிக்குக் கண்ணுல பவர் ஏறிப்போச்சு’ன்னு தெரு முச்சூடும் சொல்லி வெச்சது யாருன்னு நெனச்சே?”

“பின்ன எதுக்குங்கக்கா கண்ணு தெரியலைன்னு சொல்லி...?”

“பஸ்ஸைக் கண்டாலே உனக்கு ஒடம்பு நடுங்கறது எனக்குத் தெரியாதா? ‘பயமா இருந்தா என் கையைப் புடிச்சுக்க’ன்னு சொன்னா, டீச்சரு புடிச்சிருப்பியா?”